முடவாட்டுக்காலும் ஒரு வெற்றுக் கட்டமும்

உலர்தாவரத் தாளின் வலப்புறக் கீழ்மூலையில் ஒட்டப்படும் சீட்டு, செடியின் அறிவியற்பெயர், கிடைத்த இடம், நாள், திரட்டியவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லும். வட்டாரப் பெயருக்கும் பல சீட்டுகளில் இடமுண்டு. பெரணியென்றால் அவ்விடம் எளிதில் வெறுமையாக விடப்படுகிறது. பூக்காத, காய்க்காத செடிக்கு ஊரார் பெயர் வைத்திருப்பார்களா என்னும் அலட்சியம் ஆய்வாளரிடையே இன்றும் உண்டு. அது தவறான எண்ணம்.

ஈரக்காடுகளில் மரங்களையும் பாறைகளையும் பற்றி வளரும் டிரைனேரியா குவெர்சிஃபோலியாவை எடுத்துக்கொள்ளலாம். 1753இல் லின்னேயஸ் சூட்டிய பெயரின் பின்பாதிக்கு 'ஓக் இலை கொண்டது' என்பது பொருள். அடியில் நிமிர்ந்து நின்று சருகைச் சேர்த்து உரமாக்கும் பழுப்பிலைகளையே அது குறிக்கிறது. மராத்தியர் அவ்விலைகளில் மணமக்களின் நெற்றியணியைக் கண்டு 'பாசிங்' என்றனர். தமிழகராதிகளிலுள்ள 'பாசிகம்' அதன் உறவுச்சொல். கொல்லிமலையாரின் கண் இலையில் நிற்கவில்லை. மயிர்போர்த்த தடித்த தண்டைக் கண்டு முடவாட்டுக்கால் என்றனர். 'முடவன் ஆட்டும் கால்' என்று பிரித்து மூட்டுவலிக்கு மருந்தாக்குவோரும் உளர். ஆட்டுக்காலை ஒத்த உருவமே அப்பெயருக்குப் போதிய காரணம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இங்கேதான் சிக்கல். அத்தடித்த தண்டு அழுத்துபலகைக்குள் எளிதில் அடங்காது. தாளை நிறைப்பது இலை. தண்டு ஒரு துண்டாகச் சுருங்கிவிடும். தமிழ்ப்பெயர் எதைச் சுட்டியதோ அது தாளில் ஏறக்குறைய இல்லை. சீட்டிலும் அப்பெயர் எழுதப்படாவிட்டால், கொல்லிமலைச் சாலையோரத்தில் சூப்பாகக் கொதிக்கும் கிழங்கும் காப்பகத்து இலையும் ஒன்றே என்பதற்குத் தாளில் சான்றேதுமிராது.

இது சொல்லாராய்ச்சிக்காரரின் கவலை மட்டுமன்று. இலையைக் கிள்ளினால் செடி மீண்டும் தழைக்கும். தண்டை அறுத்தெடுத்தால் செடியே போய்விடும். இணைய அங்காடிவரை வந்துவிட்ட இக்கிழங்கு முன்பு எங்கெங்கு வளர்ந்தது என்பதற்குப் பழந்தாள்களைவிட உறுதியான சாட்சி அரிது. அறிவியற்பெயரை மட்டும் நம்பியும் பயனில்லை. அண்மையில் சில வகைப்பாட்டாளர் இதனை அக்லாமார்ஃபா பேரினத்திற்கு மாற்றிவிட்டனர். கிழங்கு விற்பவருக்கு அச்செய்தி எட்டப்போவதில்லை.

சுனாபட்டியில் துறைமுகத் தடத்து ரயிலேறி எளிதில் அடையக்கூடிய தூய சவேரியார் கல்லூரியில் பிளாட்டர் காப்பகம் உள்ளது. எத்தல்பர்ட் பிளாட்டர் என்னும் சுவிஸ் நாட்டு இயேசுசபைத் துறவியின் பெயர் தாங்கியது அது. அவர் தல்மெய்டாவுடன் இணைந்து பம்பாய்ப் பகுதிப் பெரணிகளைப் பற்றி 1922இல் ஒரு நூலே வெளியிட்டார். கோயம்புத்தூரில் மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. இத்தகைய காப்பகங்களின் தாள்களை எண்மமாக்குவோர், உலகெங்கும் வழங்கும் டார்வின் கோர் தரவமைப்பில் வட்டாரப் பெயருக்கெனத் தனிப்புலம் இருப்பதை மறக்கலாகாது. சீட்டில் பாசிங் என்றிருந்தால் தேவநாகரியிலும், முடவாட்டுக்கால் என்றிருந்தால் தமிழிலும் அப்புலத்தை நிரப்ப வேண்டும். ரோமன் எழுத்தில் மட்டும் பெயர்த்தால் ழகரமும் ளகரமும் ஒன்றாய்க் கரைந்துபோகும். சீட்டில் பெயரே இல்லையெனில், தாள் கிடைத்த மலைக்கு இன்று சென்று கேட்டு, கேட்ட நாளையும் சொன்னவர் ஊரையும் சேர்த்துத் தனிக்குறிப்பாகப் பதியலாம். பழைய சீட்டின்மேல் மட்டும் எழுதலாகாது.