ஷோரூமுக்குப் பாட்டியையும் அழைத்துப் போங்கள்!

நடுத்தர எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் பலரும் சன்ரூஃபிலும் டச் ஸ்கிரீனிலும் மயங்கிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்ப்பது வீட்டில் ஒருவர்தான். உட்காரப் போவதோ மொத்தக் குடும்பமும்!

டெஸ்ட் டிரைவுக்கு எல்லோருமே போங்கள். மூட்டுவலி உள்ள பாட்டியால் சிரமமில்லாமல் ஏறி இறங்க முடிகிறதா? ஏழு இருக்கை வண்டி என்றால், மூன்றாவது வரிசையில் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். முழங்கால் இடித்தால், அது குழந்தைகளுக்கான இடம் மட்டுமே. அந்த வரிசையை நிமிர்த்திய பிறகு டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்றும் பாருங்கள். ஆள் நிறைந்திருக்கும்போதே வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். மேட்டில் நிறுத்தி எடுங்கள். வண்டியின் குணம் தெரிந்துவிடும்.

அடுத்தது பாதுகாப்பு. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் தனித்தனியாக நட்சத்திரங்கள் தருகிறார்கள். இரண்டையும் பாருங்கள். பின்வரிசை நடு இருக்கைக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் சீட் பெல்ட் உண்டா? கர்ட்டன் ஏர்பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா? குழந்தை இருக்கையை மாட்ட ஐசோஃபிக்ஸ் வசதி இருக்கிறதா? விற்பனையாளரிடம் கேட்டு, நேரிலும் பார்த்துவிடுங்கள்.

பட்ஜெட் இடித்தால் சன்ரூஃபை விட்டுவிடலாம். அது இல்லாமலும் ஊர் போய்ச் சேரலாம்!