அறிவியல் படித்த பிள்ளைக்குச் சட்டமும் வியாபாரக் கணக்கும் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்ச பொண்ணு இப்பப் போயி வக்கீலுக்குப் படிக்கிறேங்குது. அஞ்சு வருசப் படிப்பு வீணாப் போச்சே!" நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஓடிய பேச்சு இது. ஆளாளுக்கு அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டார்கள். அவள் பாவம், இரண்டு நாளாகக் குழுவில் வாயே திறக்கவில்லை. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படித்தது வீணாகவில்லை. அவள் கேட்பது நியாயமான படிப்பு.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். பல்கலைக்கழகப் படி ஏறியதில்லை. ஆனால் என்னிடம் படித்தவர்கள் மருந்தாளுநராக, லேப் டெக்னீஷியனாக, சாயப்பட்டறை கெமிஸ்ட்டாக, டாக்டராக இருக்கிறீர்கள். முப்பது வருசமாக உங்கள் கதைகளைக் கேட்டு வருகிறேன். "பாடத்தில் சொன்ன அறிவியல் எனக்குப் புரியாமல் போனதால் மாட்டிக்கொண்டேன், டீச்சர்" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது, லைசென்ஸ் புதுப்பிக்க மறந்தது, கடனுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு முழித்தது, இப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

ஒரு மாணவி. பெயர் வேண்டாம். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு வீட்டிலேயே சத்துமாவு தயாரித்து விற்றாள். மாவு அருமை. ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், எத்தனை நாள் கெடாது, எல்லாம் விரல் நுனியில். ஆனால் பாக்கெட்டின் மேல் சட்டப்படி என்னென்ன அச்சிட வேண்டும் என்று தெரியாது. அச்சடித்த கவர் அத்தனையும் குப்பைக்குப் போனது. விலை போடும்போது தன் உழைப்புக்குக் கூலி சேர்க்கவில்லை, விற்காமல் திரும்பி வரும் பாக்கெட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. கடைக்காரர்கள் அறுபது நாள் கழித்துப் பணம் தந்தார்கள், கடலைக்கும் ராகிக்கும் இவள் அன்றன்றைக்குப் பணம் கொடுத்தாள். ஒன்றரை வருடத்தில் கடையை மூடினாள். மூன்று வருடப் பட்டப்படிப்பில் இந்தக் கணக்கை ஒரு மணி நேரம்கூட யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இது ஒரு வீட்டின் கதை. நாட்டின் கதையும் உண்டு.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் "எங்கள் பாட்டி சொன்னார்" என்பது காப்புரிமை அலுவலகத்தில் செல்லாது. எழுத்தில் ஆதாரம் வேண்டும். நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடி எடுத்துக் கொடுத்து வாதாடியது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. அப்போது சி.எஸ்.ஐ.ஆர். தலைவராக இருந்த மஷேல்கர் அவர்கள் வேதியியல் பொறியியல் படித்தவர். எந்த ஆதாரம் செல்லும் என்று தெரிந்த அறிவியல்காரர்கள் இருந்ததால்தான் அந்த வழக்கு நின்றது.

இன்னொன்று நம் சென்னையிலேயே நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு நீண்டு, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு என்ன சொல்கிறது? ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளைப் புது வடிவத்தில் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அதன் பலன் கூடியிருக்க வேண்டும் என்கிறது. இந்த வழக்கில் கேள்வியே, மருந்தின் ஒரு வகைப் படிகம் புதிய கண்டுபிடிப்பா இல்லையா என்பதுதான். மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் மருந்தா, பத்தாயிரம் அளவில் கிடைக்கும் மருந்தா என்று நோயாளிகளின் உயிர் அதில் தொங்கியது. படிகம் தெரியாத வக்கீலும் சட்டம் தெரியாத கெமிஸ்ட்டும் அங்கே தனித்தனியாக என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

நிர்வாகத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், கசப்பானது. 1984 டிசம்பர், போபால். மீத்தைல் ஐசோசயனேட்டைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பது அந்த ஆலையில் தெரியாத விஷயமில்லை. ஆனால் குளிரூட்டும் இயந்திரம் சில மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் வேலை செய்யும் நிலையில் இல்லை. 1982லேயே ஒரு பாதுகாப்பு ஆய்வு குறைகளைச் சொல்லியிருந்தது. வேதியியல் தெரிந்திருந்தது, செலவுக் கணக்குதான் முடிவு செய்தது. அந்தக் கணக்கை எதிர்த்துப் பேசவும் கணக்குத் தெரிய வேண்டும். 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்து தெரிந்தால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுதி வைத்தார்கள். அந்த உரிமை இருப்பதே தெரியாத சூப்பர்வைசர் எப்படி அதைப் பயன்படுத்துவார்?

டாக்டராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோயாளியின் சம்மதத்தை எழுதி வாங்குவது, கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதுவது எல்லாம் இன்று சிகிச்சையின் பகுதியே.

சிலர் கேட்பீர்கள்: "அறிவியலைப் படிக்கவே நேரம் பத்தவில்லை, இதில் சட்டம் வேறா?" சரியான கேள்வி. ஆய்வகத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்து இதைத் திணித்தால் நானே எதிர்ப்பேன். இன்னொரு பாடம், இன்னொரு கைடு, பத்து மார்க் கேள்வி என்று ஆனால் பயனே இல்லை. பி.பார்ம். படிப்பில் மருந்துச் சட்டங்கள் தனிப் பாடமாக உண்டு, பொறியியலில் மேலாண்மைக் கோட்பாடுகள் உண்டு. எத்தனை பேர் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தீர்கள்? பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு நிஜமான ஒப்பந்தம், ஒரு நிஜமான லைசென்ஸ் விண்ணப்பம், ஒரு சிறு தொழிலின் வரவு செலவு, இந்த மூன்றையும் மாணவரே உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும். பி.எஸ்சி. படிப்புகளுக்குத்தான் இது முதலில் வர வேண்டும். பெரும்பாலும் அவர்களுக்கு அதுகூட இல்லை.

மேலே படிக்க நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள்:

காப்புரிமை முகவர் ஆவதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் போதும், 21 வயது முடிந்திருக்க வேண்டும், காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். விண்ணப்பம் எழுதலாம், அலுவலகத்தில் ஆஜராகலாம். நீதிமன்றத்தில் வாதாடத்தான் சட்டப் பட்டம் வேண்டும்.

எந்தப் பட்டதாரியும் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்ச மதிப்பெண் விதி உண்டு. தபால் வழியில் சட்டப் பட்டம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள், அதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2006 முதல் ஒரு சட்டப் பள்ளியே நடக்கிறது. பொறியியல், மருத்துவம், முதுகலை அறிவியல் படித்தவர்களை எடுத்து, அறிவுசார் சொத்துரிமையை முக்கியமாக வைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

எம்.பி.ஏ. பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. "பி.எஸ்சி.க்கு வேலை கிடைக்கல, சரி எம்.பி.ஏ. சேருவோம்" என்று போகாதீர்கள். ஒரு ஆய்வகத்திலோ தொழிற்சாலையிலோ இரண்டு வருடமாவது வேலை பாருங்கள். அப்புறம் சேர்ந்தால், வகுப்பில் சொல்வது எதைப் பற்றி என்று புரியும். கல்லூரி வாசல் ஃபிளெக்ஸை நம்பிக் கல்விக்கடன் வாங்கும் முன், அங்கே போன வருடம் முடித்த நான்கு பேரிடம் என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளை பாதை மாறுவதாகப் பயப்படாதீர்கள். "ஏன் இந்தப் படிப்பு? இதை உன் அறிவியலோடு எங்கே சேர்ப்பாய்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் ஃபீஸ் கட்டுங்கள். பதில் வராவிட்டால் ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள், திட்டாதீர்கள்.

மருந்துக் கம்பெனியிலும் நீதிமன்றத்திலும் சொந்தத் தொழிலிலும் இருக்கும் என் மாணவர்களே, கல்லூரியில் எதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு உதவியிருக்கும் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், பிழை இருந்தால் திருத்தி விடுகிறேன்!

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்