கருவியா, கொள்கையா?

சென்னை வீதிகளில் மின்சாரப் பேருந்துகள் உலவத் தொடங்கிவிட்டன. 2025 ஜூன் 30-ஆம் நாள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து முதல் 120 வண்டிகள் புறப்பட்டன. புகையில்லை, இரைச்சலில்லை, தளம் தாழ்ந்திருப்பதால் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பிறர் கை பிடிக்காமல் ஏறமுடிகிறது. நல்ல மாற்றம், வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பு வளைவு கட்டியதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. “மின்சாரம் வந்தது, மாசு ஒழிந்தது” என்று முழங்குவோரை நோக்கி நாம் ஒன்று கேட்டாக வேண்டும்: மின்சார வண்டி சென்னைக்குப் புதியதா?

புதியதன்று! 1895-லேயே இந்நகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடிற்று. இந்தியாவில் மின்சார டிராமை முதலிற் கண்ட நகரமே சென்னைதான். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார இரயிலும் ஓடத் தொடங்கிற்று. கரியமில வாயுவைக் குறைப்பதெப்படி என்று உலக நாடுகள் மாநாடு கூட்டிப் பேசுவதற்குப் பன்னெடுங் காலம் முன்பே, புகை கக்காத வண்டியில் ஏழை எளியோர் இங்கே பயணம் செய்தனர்.

அந்த டிராம் எங்கே? 1953 ஏப்ரலில் நின்றுபோயிற்று. மின்சாரம் வற்றிவிட்டதா? தண்டவாளம் தேய்ந்து மறைந்துவிட்டதா? இரண்டுமில்லை. நடத்திவந்த கம்பெனி நட்டத்தில் மூழ்கிக் கதவடைத்தது. மக்களுக்கு வேண்டிய வண்டி இது என்று கருதி, அதனை நிலையாக ஏற்று நடத்த அரசு முன்வரவில்லை. கருவி இருந்தது, கொள்கை இல்லை. ஆகவே கருவியும் போயிற்று.

அதே 1953-ல் கல்கத்தாவில் நிகழ்ந்ததை நினைவிற் கொள்ளுங்கள். வெள்ளையர் கம்பெனி டிராம் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ஒரு பைசாதானே என்று மக்கள் வாளாவிருக்கவில்லை. தெருவில் திரண்டனர், அடக்குமுறையைத் தாங்கினர், உயர்வைத் திரும்பப் பெறச் செய்தனர். 1967-ல் அக்கம்பெனியின் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் தடங்கள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கின. 2024-ல், மரபுச் சின்னமாக ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? அரசுடைமை என்பது முதற்படி, முடிவன்று. பொதுச் சொத்தைப் பேணிக் காக்கும் உறுதியில்லாத ஆட்சியில், பொதுவுடைமையும் பாழ்மனையாகும்.

தமிழகம் பேருந்தில் வேறு வழி கண்டது. 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. இலாபம் வரும் தடத்தில் மட்டுமே வண்டியோடும் என்ற நிலை மாறி, மலையடிச் சிற்றூருக்கும் ஒரு பேருந்து போயிற்று. அன்று எவரும் ‘கரிம வெளியீடு’ என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆயினும் அறுபது பேர் அறுபது வண்டிகளில் போகாமல் ஒரே வண்டியில் போவதைவிடச் சிறந்த புகைத்தடுப்பு வேறெது?

கொள்கை மாறினால் மக்களின் காலடி மாறும் என்பதற்குச் சான்று தேடி அயல்நாடு போகவேண்டியதில்லை. 2011-க்குப் பின் உயராதிருந்த பேருந்துக் கட்டணத்தை, 2018 ஜனவரியில் ஒரே இரவில் உயர்த்தினர். மாணவர் கிளர்ந்தெழுந்தனர். பேருந்தில் ஏறுவோர் தொகை சரிந்தது. சரிந்தோர் வீட்டிலா முடங்கினர்? கடன்பட்டேனும் இருசக்கர வண்டி வாங்கினர். பங்கு ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறினர். கட்டணத்தை உயர்த்திய அதே ஆணை, நகரின் புகையையும் உயர்த்திற்று!

2021 மே மாதத்தில் வேறோர் ஆணை பிறந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றது அது. எந்திரம் மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை; பயணச்சீட்டு மட்டுமே மாறிற்று. பூ விற்கும் தாயும் வீட்டுவேலைக்குச் செல்லும் சகோதரியும் பேருந்தை நிறைத்தனர். பெண்ணொருவர் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறிற்று. அது வெறும் தொகையன்று. பிள்ளையின் பாற்செலவு, பள்ளிச் செலவு.

“நட்டம்! நட்டம்!” என்று கூக்குரலிடுவோர் உண்டு. மேம்பாலம் கட்டும்போது நட்டக் கணக்குப் பார்த்தவர் உண்டோ? கார் நிறுத்தும் தெருவோரத்தின் வாடகையைக் கணக்கிட்டவர் உண்டோ? ஏழை ஏறும் பேருந்துக்கு மட்டும் ஏன் இந்தத் தராசு? வரி விதிப்பையும் பாருங்கள். மின்சாரக் காரின் விலை எத்தனை இலட்சமாயினும் சரக்கு சேவை வரி 5 விழுக்காடே. ஊரார் ஏறும் டீசல் பேருந்துக்கோ 2025 செப்டம்பர் வரையில் 28 விழுக்காடு, அதன்பின் 18. மின்சாரப் பேருந்துக்கும் 5 விழுக்காடுதான்; மறுக்கவில்லை. ஆயினும் தனியொருவர் அமர்ந்து செல்லும் காருக்குக் காட்டிய கனிவை, அறுபது பேரைச் சுமக்கும் வண்டிக்குக் காட்டாதது எவ்வகை நீதி?

இனி, புதிய பேருந்துகளுக்கு வருவோம். இவை கழகத்தின் சொந்த வண்டிகளல்ல. நிறுவனம் வண்டி வாங்கும், பராமரிக்கும், ஓட்டுநரை அமர்த்தும். கிலோமீட்டருக்கு இவ்வளவென்று அரசு பணம் தரும். நடத்துநர் மட்டும் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தவர். மின்சாரப் பேருந்தின் விலை அதிகம், முதலீட்டுச் சுமை குறைகிறது என்பது அரசின் வாதம். அதில் உண்மையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஓட்டும் திறனும், பழுது பார்க்கும் அறிவும் பத்தாண்டுகளில் கழகத்தை விட்டு அகன்றுபோனால், ஒப்பந்தம் முடியும் நாளில் நிறுவனம் கேட்ட விலையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி ஏது? 1953-ல் ஒரு கம்பெனி கதவடைத்தபோது நகரம் கையைப் பிசைந்து நின்றதே, அந்நிலை மீண்டும் வரலாமா? புகை போகட்டும், அதனுடன் தொழிலாளியின் நிலையான வேலையும் போகலாகாது.

ஓய்வுபெற்ற தொழிலாளியின் அகவிலைப்படிக்காகக் கூட 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததே! வண்டியைப் புதுப்பித்து, அதனை இத்தனை காலம் இழுத்து வந்தவனை வாடவிடுவது முன்னேற்றமாகாது.

பேருந்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. நிறுத்தம் வரையில் நடந்து செல்ல வழி வேண்டாமா? நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கை வகுத்தது. பாண்டி பஜாரில் 2019-ல் அகன்ற நடைபாதை அமைந்தது, அழகுதான். வடசென்னையின் நடைபாதைகள் அவ்வழகை எந்நாள் காணும்? பேருந்து, இரயில், மெட்ரோ மூன்றையும் இணைக்க ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் இயற்றினர். முதற்கூட்டம் கூடியதோ 2022-ல்! ஏட்டில் எழுதிய கொள்கை வீதிக்கு வரப் பன்னிரண்டாண்டு பிடித்தால், அதற்குள் எத்தனை இலட்சம் வண்டிகள் வீதிக்கு வந்திருக்கும்!

தோழர்களே! நாம் கேட்பவை ஐந்து. கழகம் அடுத்து வாங்கும் மின்சாரப் பேருந்துகளில் ஒரு பகுதியேனும் கழகத்தின் சொந்த உடைமையாகட்டும். ஒப்பந்தங்கள் மக்கள் பார்வைக்கு வரட்டும். ஒப்பந்த ஓட்டுநர்க்கும் உரிய ஊதியமும் ஓய்வும் அவற்றில் எழுதப்படட்டும். கழகத்தின் பற்றாக்குறையை, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செய்வதுபோல், பொதுச் செலவாகவே ஏற்கட்டும். நடைபாதைக்கென்று வகுத்த பணம் நடைபாதைக்கே போகட்டும்.

இவற்றைக் கோட்டைதான் செய்யவேண்டும். ஆனால் கோட்டையின் செவிக்கு எட்டச் செய்யவேண்டியவர் நாம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதிப் பேருந்து நிறுத்தங்களைக் கணக்கெடுக்கட்டும். நிழலில்லாதது எது, கால் மணிக்கொரு வண்டி வரவேண்டிய இடத்தில் ஒரு மணிக்கொன்று வருவது எது, நிறுத்தப்பட்ட தடம் எது என்று எழுதுங்கள். அந்தக் கணக்கை மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுத்து, விடை வரும்வரை விடாது கேளுங்கள்.

மின்கலம் வண்டியை ஓட்டும். ஆனால் அது எந்தத் தெருவுக்குப் போகும், எவரை ஏற்றும், என்ன கட்டணம் கேட்கும் என்பதை முடிவு செய்வது ஆட்சி. அந்த ஆட்சியை வழிக்குக் கொண்டுவருவது மக்கள் இயக்கம்.