கணினி கூட்டினாலும் ஒருமுறை கையால் கூட்டிப் பார்ப்போம்



உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர், படகுக் கணக்குக்கு ஒரு இணையச் செயலி செய்து கொண்டுவந்து காட்டினார்கள். ஜாங்கோவில் செய்தது. பார்க்க அழகாக இருந்தது, பாராட்டினோம். ஆனால் அதில் கண்ட ஒரு பிழையை ஊருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். ஏனென்றால் அது பங்குக் காசில் கைவைக்கிற பிழை.

சம்மாட்டி ஒருவருக்குப் பல படகுகள். ஒரு படகு பல நாள் தொழிலுக்குப் போகும். ஒவ்வொரு நாளுக்குக் கீழேயும் இரண்டு பட்டியல்: விற்ற வரவு, செலவு. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இந்த அட்டவணைகளின் அடிவரை போய்க் கூட்டித்தான் படகின் மொத்தத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாளை மட்டும் எடுப்போம். நண்டு 12,000, இறால் 9,000, மீன் 6,000. வரவு 27,000 ரூபா. மண்ணெண்ணெய் 7,000, ஐஸ் 1,000. செலவு 8,000 ரூபா. மிச்சம் 19,000. இதை நம் வீட்டுச் சின்னப்பிள்ளையும் சொல்லும்.

செயலி சொன்னது 30,000!

காரணம் இதுதான். வரவையும் செலவையும் ஒரே கேள்வியில் கேட்டால், தரவுத்தளம் இரண்டு அட்டவணைகளையும் ஒன்றாக இணைக்கிறது. மூன்று வரவு வரிகளில் ஒவ்வொன்றும் இரண்டு செலவு வரிகளோடும் சேர்ந்து, ஆறு வரிகள் ஆகின்றன. வரவு இருமுறை கூட்டப்பட்டு 54,000. செலவு மும்முறை கூட்டப்பட்டு 24,000. ஒரு நாள் என்றபடியால் பிடித்துவிட்டோம். ஒரு மாதக் கணக்கில் இப்படிப் பெருகினால், வருகிற தொகை பிழையென்று கண்ணுக்குத் தெரியாது.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பல தொகைகளை ஒன்றாகக் கேட்டால் பிழைக்கும் என்று ஜாங்கோவின் கையேடே எச்சரிக்கிறது. ஒரு பிள்ளை ‘டிஸ்டிங்க்ட்’ போட்டால் சரிவரும் என்றார். அதுவும் ஆபத்து. ஒரே விலைக்கு இரண்டு தரம் இறால் விற்றிருந்தால், அது ஒன்றை விழுங்கிவிடும். சரியான வழி, வரவைத் தனியே ஒரு உட்கேள்வியில் கூட்டுவது, செலவைத் தனியே இன்னொன்றில் கூட்டுவது, பிறகு கழிப்பது. செலவே எழுதாத நாளுக்குத் தொகை வெறுமையாக வரும். அதைப் பூச்சியம் என்று மாற்றாவிட்டால் அந்த நாளின் மிச்சமும் வெறுமையாகிவிடும். லாரவெலில் செய்கிறவர்களுக்கு ‘வித்சம்’ ஒவ்வொரு தொகையையும் தனித்தனி உட்கேள்வியாகவே கேட்கிறது. அங்கே இந்தப் பெருக்கம் வராது.

எங்கள் கருத்து இதுதான். எந்தச் சங்கமும் எந்தக் குழுவும் ஒரு செயலியை நம்புவதற்கு முன், ஒரு மாதக் கணக்கைக் கொப்பியிலும் எழுதிக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒத்துவரும்வரை திரையைப் பார்த்துப் பங்கு பிரிக்கக் கூடாது. மொத்தத்தைத் தொட்டால் அதன் கீழுள்ள ஒவ்வொரு வரியும் தெரிய வேண்டும். கடலுக்குப் போனவர் தானே எண்ணிப் பார்க்க முடியாத கணக்கு, கணக்கே அல்ல.

பங்குக்கு மட்டுமல்ல, குடும்பம், ஆட்கள், இழப்பு என்று அடுக்கடுக்காக எழுதும் நிவாரணப் பட்டியலுக்கும் இதே பிழை வரும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் நாங்கள். பட்டியலில் எண் பிழைத்தால் உண்மையாக இழந்தவரையும் நம்பமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நிறுவையில் மோசம் செய்வது பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கூட்டலும் ஒரு நிறுவைதான்.

பிள்ளைகள் இப்போது திருத்திவிட்டார்கள், 19,000 வருகிறது. உங்கள் வீட்டில் பழைய கணக்குக் கொப்பி இருந்தால் கொண்டுவந்து தாருங்கள். அதை வைத்து எல்லோருமாகச் சோதிப்போம்.