கொடுப்பவர் தீர்ப்பெழுதலாமா?

மருந்து நிறுவனங்கள் இலாபமில்லாத ஆய்வைத் தொடமாட்டா. அரசு ஆமைபோல் நகரும். ஆகவே நோயாளிகளும் அவர்தம் சுற்றத்தாரும் காசு திரட்டி ஆய்வு நடத்தட்டும், எதை ஆய்வது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். கூட்டுநிதியின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் வாதம் இது. இதன் முற்பாதியோடு எனக்குப் பிணக்கில்லை. பிற்பாதி ஆளைக் கொல்லக்கூடியது. மிகையாகச் சொல்லவில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே சிதைக்கிறது. பெரும்பாலோரை இளமையிலேயே பற்றும் நோய். பலருக்கு அது விட்டுவிட்டு வருவது. ஒரு மாதம் கால் மரத்துப்போகும், மறுமாதம் தானாகவே தேறும். இடையில் எந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும் புகழ் கஷாயத்துக்கே போய்ச்சேரும்.

2009இல், இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்து இரத்தநாள மருத்துவர் பாவ்லோ ஸாம்போனி, இந்நோயின் வேர் கழுத்துச் சிரைகளின் அடைப்பில் இருக்கிறது என்றார். அவர் மனைவிக்கும் இதே நோய். சிறு பலூனைச் செலுத்திச் சிரையை விரித்தால் குணம் தெரிகிறது என்று 65 நோயாளிகளைக் காட்டினார். ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு எதுவும் அவ்வாய்வில் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் கனடியத் தொலைக்காட்சி இதனை ஒளிபரப்பியது. 'விடுதலைச் சிகிச்சை' என்ற பெயரே பாதி வேலையைச் செய்துவிட்டது.

கனடிய மருத்துவர்கள் மறுத்தனர். நோயாளிகள் ஊர்கூட்டி விருந்து வைத்துப் பணம் திரட்டி போலந்துக்கும் மெக்ஸிகோவுக்கும் கோஸ்ட ரிக்காவுக்கும், நம் இந்தியாவுக்குங்கூடப் பறந்தார்கள். கோஸ்ட ரிக்காவில் சிகிச்சை பெற்ற கனடியர் ஒருவர் அதன் சிக்கல்களால் 2010இல் இறந்தார். மரணங்களும் கடும் பாதிப்புகளும் நேர்வதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது.

நரம்பியலாளர்களின் தோரணையும் இதற்கு எண்ணெய் வார்த்தது என்பதை மறைக்கமாட்டேன். சக்கர நாற்காலியில் அமர்ந்து கேட்பவருக்கு ஏளனம் பதிலாகாது. இப்போது சோதனை நடத்துவது உசிதமன்று என்று 2010இல் பரிந்துரைத்த கனடிய ஆய்வமைப்பைத் தாண்டி, மறுவருடமே அந்நாட்டரசு சோதனையை அறிவித்தது. இடையில் மாறியது அறிவியல் மட்டுமே என்று நம்புபவர் நம்பலாம்.

இனி இத்தாலிக்கு வருவோம். அங்குள்ள நோயாளர் சங்கம் ஆண்டுதோறும் ஊர்ச் சதுக்கங்களில் ஆப்பிளும் கார்டீனியாப் பூச்செடிகளும் விற்று நிதி சேர்த்து வந்தது. கூட்டுநிதி என்ற சொல் பிறக்கும் முன்பே நடந்த கூட்டுநிதி! அச்சங்கமே செலவை ஏற்று, 1,700க்கும் மேற்பட்டோரின் சிரைகளைச் சோதிக்கும் ஆய்வை நடத்தியது. படத்தைப் பார்த்து முடிவுரைத்தவர்களுக்கு, அது நோயாளியின் சிரையா நலமானவரின் சிரையா என்பது தெரியாது. விளைவு: அடைப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு, நலமானவர்களில் 2. பொருட்படுத்தத்தக்க வேறுபாடே இல்லை. ஆப்பிள் வாங்கியவர் எவரும் இந்த விடைக்காக வாங்கியிருக்கமாட்டார். ஆயினும் அவர்கள் காசுதான் அதைப் பெற்றுத்தந்தது.

கனடாவின் சோதனை முடிவு 2017இல் வந்தது. 104 பேரில் பாதிப்பேருக்கு உண்மைப் பலூன், மீதிப்பேருக்குப் பாவனைச் சிகிச்சை, பலனில் வேறுபாடில்லை. அதே ஆண்டு ஸாம்போனி தாமே முன்னின்று நடத்திய சோதனையும் அதையே சொன்னது. தன் கருத்துக்கு எதிரான முடிவை அவர் பதிப்பித்தார். அவரை மோசடிக்காரர் என்று ஏசுவோர் இதைக் கவனிப்பது நல்லது.

"அப்படியானால் பணம் வீண்தானே?" என்பார்கள். விருந்து வைத்துத் திரட்டிய பணம் வீண். ஆப்பிள் விற்ற பணம் வீணல்ல. முன்னது முன்கூட்டியே தீர்மானித்த விடைக்குக் கொடுக்கப்பட்டது; பின்னது கேள்விக்கு. காப்புரிமை தீர்ந்து மலிவாகக் கிடைக்கும் சிம்வாஸ்டாடினை எந்த நிறுவனம் இந்நோய்க்குச் சோதிக்கும்? பிரித்தானியாவில் அரசுநிதியோடு பிரித்தானிய, அமெரிக்க நோயாளர் சங்கங்களின் பணமும் சேர்ந்து 964 பேரிடம் அதைச் சோதித்தன. ஊனம் வளர்வதை அம்மருந்து தடுக்கவில்லை என்று 2024இல் தெரிந்தது. கசப்பான செய்திதான். ஆனால் இனி எந்த நோயாளியும் அந்த மாத்திரையை நம்பி ஆண்டுகளை இழக்க வேண்டியதில்லை.

எனவே நிதி கேட்டு வரும் எவரிடமும் நான் கேட்பது இரண்டு. ஒப்பீட்டுக் குழு உண்டா? முடிவு பாதகமாக இருந்தாலும் வெளியிடுவீர்களா? கண்ணீர் வழியும் புகைப்படத்தை மட்டும் பதிலாகத் தருபவர்களுக்கு, அந்தப் படத்தில் இருப்பவரின் பொருட்டே, நான் ஒரு ரூபாயும் கொடுப்பதாக இல்லை.