சர்வருக்கு எந்த மாட் போடலாம்? டாக்டர் எழுதுற சீட்டு



சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதிட்டிருக்கிற ஆள் இன்னைக்கு வீடியோ கேம் பத்தி எழுதப் போறேன். நீளமான திரெட். வீட்ல பத்து வயசுக்கு மேல பிள்ளை இருந்தா கடைசி வரைக்கும் வாசிங்க.

எங்க ஊர் ராசிங்காபுரம். போடிக்கும் தேவாரத்துக்கும் நடுவுல, மலையடிவாரம். எங்க சொந்தக்காரப் பிள்ளைகளும் அவங்க கூட்டாளிகளுமா 9 பேர் மைன்கிராஃப்ட் ஆடுறாங்க. தனித்தனியா ஆடினது போதும், எல்லாரும் ஒரே உலகத்துல ஆடணும், போடிமெட்டு மலைப்பாதையைக் கொண்டை ஊசி வளைவோட அப்படியே கட்டணும், மேல ஒரு ஏலக்காய் ஸ்டோர் வைக்கணும்னு திட்டம். அதுக்கு சொந்தமா சர்வர் வேணுமாம். "மாமா, சர்வருக்கு எந்த மாட் போடலாம்?"

பக்கத்துல இருந்த பெரியப்பா, "மாடா? சுழி பாத்து வாங்குங்கடா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா இந்த விஷயத்துல நான் பெரியப்பா கட்சி.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மைன்கிராஃப்ட்ல ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் பெருசா கிடையாது. கட்டை கட்டையா எடுத்து அடுக்கி என்ன வேணும்னாலும் கட்டலாம். 2009ல ஸ்வீடன்ல தொடங்கி, 2011ல முழு வடிவம் வந்து, 2014ல மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியை வாங்குச்சு. இந்த கேமுக்கு வெளியாட்கள் எழுதிச் சேர்க்கிற துணை நிரல்தான் மாட். புது மிருகம், புது மெஷின், புது கட்டை, எதுவும் சேர்க்கலாம். ஆயிரக்கணக்குல இருக்கு, பெரும்பாலும் இலவசம். பிரச்சனையே அங்கதான்.

என் கருத்து இது. மாட் லிஸ்ட்டுங்கிறது மருந்துச் சீட்டு. ஒரே ஆளுக்கு அஞ்சு மருந்துக்கு மேல ஓடினா நாங்க பாலிஃபார்மசின்னு சொல்லுவோம். ஒவ்வொண்ணும் தனியா நல்ல மருந்தாத்தான் இருக்கும். சேர்ந்தா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். எது எதுக்காக ஆரம்பிச்சதுன்னு ஆறு மாசம் கழிச்சு எழுதினவருக்கே ஞாபகம் இருக்காது. 150 மாட் போட்டு ஓடாம நிக்கிற சர்வரைப் பார்த்தா, பை நிறைய மாத்திரையோட ஓ.பி.க்கு வர்ற தாத்தா ஞாபகம்தான் எனக்கு வருது.

அதனால முதல் கேள்வி "இது என்ன செய்யும்?" இல்ல. "இதை நாளைக்கு எப்படி நிறுத்துறது?"

இதை ஏன் முதல்ல கேக்கணும்? மைன்கிராஃப்ட்ல ஒரு மாட் புதுசா ஒரு கட்டையைக் கொடுக்குதுன்னு வைங்க. பிள்ளைங்க அந்தக் கட்டையை வச்சே மெட்டு ரோடு முழுக்கப் போடுறாங்க. மூணு மாசம் கழிச்சு கேம் புது வெர்ஷனுக்குப் போகுது. மாட் எழுதினவர் காலேஜ் முடிச்சு வேலைக்குப் போயிட்டார், புது வெர்ஷனுக்கு எழுதல. அந்த மாட்டை எடுத்துட்டு உலகத்தைத் திறந்தா ரோடு இருந்த இடத்துல வெறும் காத்து. அந்த நிலையில சேவ் ஆயிடுச்சுன்னா, மாட்டைத் திரும்பப் போட்டாலும் ரோடு வராது. மூணு மாசம் ஒன்பது பிள்ளைங்க உக்காந்து கட்டினது! பெரியவங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். பன்னெண்டு வயசுல கட்டின வீடு காணாமப் போறது சின்ன விஷயம் இல்ல.

ஆகவே புதுக் கட்டை, புது மண் சேர்க்கிற மாட்டுக்கும், வெறும் வேலையை லேசாக்குற மாட்டுக்கும் நடுவுல கோடு போடுங்க. ரெண்டாவது வகையை எடுத்தாலும் உலகம் அப்படியே நிக்கும். முதல் வகைக்கு பல் பிடிச்சுப் பார்க்கணும். எத்தனை வருஷமா எழுதுறாங்க, ஒருத்தரா குழுவா, கேம் வெர்ஷன் மாறும்போதெல்லாம் கூடவே வந்திருக்காங்களா, இதெல்லாம். டவுன்லோட் எண்ணிக்கையும் பளபள படமும் மட்டும் போதாது. பச்சையா மின்னுறதெல்லாம் நல்ல காய்னு நம்புற ஏலக்காய் யாவாரி போடியில இல்ல. உடைச்சு மோந்து பார்த்துட்டுத்தான் விலை பேசுவார்.

சில நோய்க்கு மருந்தே வேண்டாம். விளையாட்டுல ராத்திரி வந்தா எல்லாரும் படுத்தாத்தான் சட்டுனு விடியும். ஒருத்தன் படுக்காம சுத்துனா மத்த எட்டுப் பேரும் கத்துவாங்க. இதுக்குன்னே ஒரு காலத்துல மாட் தேடிப் போட்டாங்க. 2021ல வந்த 1.17 வெர்ஷன்லேருந்து எத்தனை சதவீதம் பேர் தூங்கினா விடியணும்னு கேம் விதியிலேயே மாத்திக்கலாம். ஒரு வரி கட்டளை. செத்தா கையிலிருக்கிற சாமான் போகக் கூடாதுன்னா அதுக்கும் விதி இருக்கு. மாட் தேடுறதுக்கு முன்னாடி விதிப் பட்டியலை ஒருதடவை வாசிங்க. பாதி மாட் அங்கேயே குறைஞ்சிடும்.

அடுத்து, நோயாளியோட உடம்பு. டோஸ் எழுதும்போது கூட்டத்துல யாருக்குக் கிட்னி வீக்கோ அவரை நினைச்சு எழுதணும். எங்க 9 பேர்ல கம்ப்யூட்டர் இருக்கிறது மூணு பேர் வீட்ல. அதுல ஒண்ணு அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப். மத்த ஆறு பேர் கையில அம்மா போன், அப்பா போன். யூடியூப்ல காட்டுற பெரிய மாட் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடுற ஜாவா எடிஷனுக்கு எழுதினது. போன்ல ஓடுறது பெட்ராக் எடிஷன். அது வேற உடம்பு. கைசர்ங்கிற பாலத்தை சர்வர்ல வச்சா போன்காரங்களும் ஜாவா சர்வருக்குள்ள வரலாம். ஆனா புதுக் கட்டை சேர்க்கிற மாட் அந்தப் பாலத்தைத் தாண்டி ஒழுங்கா வராது. மூத்த பசங்க மூணு பேருக்குப் பிடிச்ச மாட்டைப் போட்டா, மத்த ஆறு பேரும் வெளிய நின்னு வேடிக்கை பார்க்கணும்.

இதனாலதான் நான் லுவான்டி பக்கம் சாய்றேன். 2010ல பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா தொடங்கினது. மைன்டெஸ்ட்னு பல வருஷமா பேர், 2024ல தான் லுவான்டி ஆச்சு. மைன்கிராஃப்ட் இல்ல, ஆனா அதே மாதிரி கட்டை அடுக்குற உலகம். காசு கிடையாது. ஆண்ட்ராய்டு போன்லயும் ஓடும், பழைய லேப்டாப்லயும் ஓடும். முக்கியமா, மாட்டை சர்வர்ல மட்டும் போட்டாப் போதும். சேர்ற பிள்ளையோட போனுக்குப் படமும் சத்தமும் தானா வந்துடும், அந்த மாட்டோட நிரல் போன்ல ஓடாது. மாட்டை எடுத்துட்டா கட்டை காத்தாப் போறதும் இல்ல. "தெரியாத கட்டை"ன்னு எழுதின பெட்டியா அங்கேயே நிக்கும். மாட் திரும்ப வந்தா ரோடும் திரும்ப வரும். நிறுத்திப் பார்த்துட்டுத் தொடரக்கூடிய மருந்து எந்த டாக்டருக்குப் பிடிக்காது?

"ஆனா அது ஒரிஜினல் இல்லையே மாமா"ன்னு மூஞ்சியைத் தூக்குறாங்க. நியாயமான வருத்தம்தான். ஆனா அந்த ஆறு போன்ல நாலுல இருக்கிறது காசு கொடுத்து வாங்கின மைன்கிராஃப்டும் இல்ல, எங்கிருந்தோ இறக்கின ஏபிகே. யார் எதைக் கலந்து கொடுத்தாங்கன்னு தெரியாத சூரணம் மாதிரி. அதே போன்ல அப்பாவோட ஜிபே இருக்கு, பேங்க் ஓடிபி வருது. இதுக்கு மட்டும் என்கிட்ட சமாதானம் கிடையாது.

கம்ப்யூட்டர் மாட்டும் இதே கதைதான். ஜாவா மாட்டுங்கிறது ஒரு முழு புரோகிராம். அதைச் சுத்தி வேலி எதுவும் இல்ல. நீங்க கம்ப்யூட்டர்ல எதையெல்லாம் திறக்க முடியுமோ அதையெல்லாம் அதுவும் திறக்கும். 2023 ஜூன்ல ஃபிராக்சரைசர்னு ஒரு வைரஸ் வந்துச்சு. கண்ட இடத்துலேருந்து வரல. எல்லாரும் நம்புற கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் தளங்கள்லயே சில மாட்காரங்க கணக்குக்குள்ள புகுந்து, பிரபலமான தொகுப்புகள்ல கலந்து விட்டாங்க. பிரவுசர்ல சேமிச்ச லாகின் விவரம், மைக்ரோசாஃப்ட், டிஸ்கார்ட் கணக்கு எல்லாத்தையும் திருடுச்சு. அந்த கம்ப்யூட்டர்ல கிடந்த மத்த ஜார் ஃபைல்களுக்கும் தொத்துச்சு. தொத்து நோயேதான். அதுக்கு முன்னாடி 2021 டிசம்பர்ல லாக்-ஃபோர்-ஜே ஓட்டை. சாட்ல ஒரு வரி டைப் பண்ணியே சர்வரைக் கைப்பத்த முடிஞ்சது. உடனே திருத்தம் வந்துச்சு, திருத்தம் போடாதவங்க திறந்து கிடந்தாங்க. அதனால புது மாட் வெளியான அன்னைக்கே இறக்காதீங்க, ரெண்டு வாரம் போகட்டும். பாதுகாப்புத் திருத்தம்னா மட்டும் அன்னைக்கே போடுங்க. லிங்க் வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சுன்னா தொடவே வேண்டாம்.

இப்போ என் துறைக்கு வர்றேன். "டாக்டரே கேம் ஆடச் சொல்றீங்களா?"ன்னு கீழ எழுதப் போறவங்களுக்கும் சேர்த்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பட்டியல்ல கேமிங் டிஸ்ஆர்டர் ஒரு நோயா இருக்கு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில. அதுக்கு விளையாடுற நேரம் மட்டும் அளவுகோல் இல்ல. கட்டுப்பாடு போறது, மத்த எல்லாத்தையும் விட கேம் முக்கியமாகுறது, பாதிப்பு தெரிஞ்சும் நிறுத்த முடியாம தொடர்றது, இது பொதுவா 12 மாசம் நீடிக்கிறது. தினம் ஒரு மணி நேரம் நண்பர்களோட ரோடு கட்டுற பிள்ளைக்கு நோய் பட்டம் கட்டாதீங்க.

ஆனா சில பிளகின் இந்தக் கட்டுப்பாட்டைப் போக்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. தினமும் உள்ள வந்தா பரிசு, ஒருநாள் விட்டா கணக்கு மறுபடி ஒண்ணுலேருந்து. சாவி போட்டுத் திறக்கிற பெட்டி, உள்ள என்ன இருக்கும்னு தெரியாது. அதிக நேரம் ஆடினவனுக்குப் பெரிய பட்டம். திருவிழாக் கடையில வளையம் எறியிற ஆட்டம்தான், என்ன, கடை வருஷம் முழுக்க திறந்திருக்கு. நிஜக் காசு வாங்கிட்டு விளையாட்டுல அனுகூலம் விக்கக் கூடாதுன்னு மொஜாங் கம்பெனியே 2014லயே சொல்லிடுச்சு. காசு இல்லாம வச்சாலும் பழக்கம் அதே பழக்கம். இந்த வகை எதுக்கும் என் சீட்டுல இடமில்ல. ஒன்பது பேரும் சேர்ந்து கேட்டாலும்.

அதுக்குப் பதிலா சண்டையைத் தீர்க்கிற மாட்டை முதல்ல போடுங்க. எந்த சர்வர்லயும் வர்ற முதல் வியாதி ஒருத்தன் வீட்டை இன்னொருத்தன் கொளுத்துறது. பெரிய பையன் கொளுத்துவான், சின்னவ அழுவா, அப்புறம் நிஜ வீட்ல ரெண்டு அம்மாக்கள் பேசிக்க மாட்டாங்க. ஜாவா பக்கம் கோர்ப்ரொடெக்ட்னு ஒரு பிளகின் இருக்கு. யார், எந்தக் கட்டையை, எப்போ உடைச்சாங்கன்னு எழுதி வைக்கும், அந்த ஆள் செஞ்சதை மட்டும் பின்னாடி திருப்பவும் செய்யும். லுவான்டில ஏரியாஸ்னு ஒரு மாட், அவங்கவங்க இடத்துக்குப் பட்டா போட்ட மாதிரி. தண்டனை கொடுக்கிறதை விட வீடு திரும்பக் கிடைக்கிறதுதான் பிள்ளைக்கு வேணும்.

வேகத்துக்குப் போடுற மாட் பத்தி ஒரு வார்த்தை. மைன்கிராஃப்ட் சர்வரோட நாடி நொடிக்கு 20. ஒரு துடிப்புக்கு 50 மில்லி செகண்ட். அதுக்குள்ள வேலை முடியலைன்னா ஆட்டம் திக்கும். சோடியம், லித்தியம்னு ரெண்டு மாட் பேர் அடிபடும். சோடியம் விளையாடுறவங்க கம்ப்யூட்டருக்கு, சர்வர்ல போட்டுப் பிரயோஜனமில்ல. லித்தியம் சர்வர்லயும் வேலை செய்யும். (நிஜ உடம்புல சோடியம் குறைஞ்சா லித்தியம் மாத்திரை விஷமாகும். அது வேற திரெட்.)

எந்த மாட்டும் பேக்கப்புக்கு ஈடாகாது. எங்க பக்கம் ஆடிக் காத்துல எப்போ கரண்ட் போகும்னு சொல்ல முடியாது. சேவ் ஆகிற நேரத்துல போச்சுன்னா உலகமே கெட்டுப் போகலாம். தினம் ஒரு நகல், வேற டிஸ்க்ல அல்லது பென்டிரைவ்ல. புது மாட் போடுறதுக்கு முன்னாடி தனியா இன்னொரு நகல். அந்த நகல்ல ஒருநாள் ஆடிப் பார்த்துட்டு அப்புறம் நிஜ உலகத்துல போடுங்க. ஒரு நேரத்துல ஒரு மாட்தான். மூணைச் சேர்த்துப் போட்டுட்டு அலர்ஜி வந்தா எதுனாலன்னு யார் கண்டுபிடிப்பா?

ஆக ராசிங்காபுரம் சர்வருக்கு இப்போதைக்கு என் சீட்டு: லுவான்டி, அதுல மைன்கிராஃப்ட் மாதிரியே இருக்கிற மைன்குளோனியா, இடத்தைக் காக்க ஏரியாஸ், பேர் தெரிஞ்ச 9 பேருக்கு மட்டும் அனுமதி. அவ்வளவுதான். நாலாவதா வளைவுக்கு வைக்க மஞ்சள் கறுப்புத் தடுப்புக் கட்டை கேக்கிறாங்க. புதுக் கட்டை வகை, அதனால நகல் உலகத்துல ஒரு வாரம் ஓடுது. ஞாயித்துக்கிழமை ஒன்பது பேரும் கை தூக்கி முடிவு பண்ணுவாங்க. கடைசிப் பொண்ணுக்கு எட்டு வயசு, அவளுக்கும் ஒரு ஓட்டு.