உயிலும் இரண்டு கையெழுத்தும்
இணையத்தில் உயில் எழுதும் சேவையை மகன் காட்டினான். வீடு, வங்கிக் கணக்கு, யாருக்கு எது என்று கேட்கிறது. அரை மணியில் உயில் தயார். நல்ல வசதிதான். ஆனால் அச்சிட்ட தாள் மட்டுமே உயில் ஆகிவிடாது.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு ஒரு பழைய நினைப்பு உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் முழுவதும் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டால் போதும், சாட்சி வேண்டாம். என் வகுப்புத் தோழரும் அதே நினைப்பில், இணையத்தில் தயாரித்த உயிலில் தனியாகக் கையெழுத்திட்டு பீரோவில் வைத்தார். (அச்சடித்தது என்பதால் பிரெஞ்சுச் சட்டப்படியும் செல்லாது!) நமக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 63ஆம் பிரிவு இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. அவர் போனபின், கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளுக்கென்று எழுதிய வீடு நாலு பங்காயிற்று.

முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. நம் கண்முன் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். பங்கு பெறாதவர்களாக இருந்தால் வம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டுத் தம்பியையும் எதிர்வீட்டு ஆசிரியரையும் காபிக்கு அழைத்திருக்கிறேன். இருவரும் நாற்பதைத் தாண்டாதவர்கள். என் வயதுக்காரரைச் சாட்சி வைத்தால், எனக்கு முன்னால் அவர் கிளம்பிவிடுவார்!